முப்பத்தெட்டாம் இலக்க நாணயம்

என் மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த நாலாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். லீவு இன்னும் இரண்டு கிழமைக்கு இருந்தது. வீட்டிலிருந்து செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அதற்கு முன் இரண்டரை வருடமாகச் செய்வதற்கு நிறைய இருந்தது. கிழமையில் இரண்டு நாள் விடிய எழும்பி, கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் அவளை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டவர்களுக்கு அங்கே இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்வார்கள். நாலு மணித்தியாலம். நான் வெளியே மர வாங்கில் இருப்பேன். மற்ற நாட்களில் அலுவலகம், சமையல், அவளுக்கு அளந்து கொடுக்கவேண்டிய தண்ணீர். தை மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி நாள்கூட அல்ல, பின்னேரம் தேத்தண்ணி கேட்டாள். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடக்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள்போல. அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தொட்டால் விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது.

மண்ணுக்குள்ளிருந்து வரும் பழைய பொருட்களைப் பதிவதுதான் எனது வேலை. கண்டெடுத்தவர் யார், எந்த இடம், எவ்வளவு ஆழம், பொருளின் அளவு, நிறை, படம். எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் எழுதி, பொருளைப் பையிலிட்டு இலக்கம் கொடுக்கவேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறேன். பெரும்பாலும் பானை ஓடு. எப்போதாவது கல் தூண், மணி, செப்புக்காசு. வேலைக்குத் திரும்பிய அன்று காலையிலேயே மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், கண்ணியமானவர்.

"உங்களை அனுப்ப மனமில்லை. ஆனா வேற ஆள் இல்லை. பூநகரிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள்ள காசு வந்திருக்கு. ரோமக் காசு மாதிரித் தெரியுது."

அவர் கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினார். பச்சை பிடித்த செப்புத் துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் கிடந்தன.

"போறன்" என்றேன்.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏதாவது தோன்றியிருக்கவேண்டும். ரோம நாட்டுக் காசு வன்னியில் கிடைப்பது புதினமல்ல. ஆனால் இப்படி ஒரே இடத்தில் குவியலாகக் கிடைத்தது என் காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு அதுதான் முதல்தரம். முந்தி என்றால் அன்றிரவு முழுக்க மனைவிக்கு அதைச் சொல்லியே நித்திரை கெடுத்திருப்பேன். அன்று மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அது மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும் ஒரு குடியேற்றத் திட்டம். சிவந்த மண். கடைசி வளவில் வாழைத்தோட்டம், அதற்குப் பின்னால் காடு. கண்டெடுத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் தூக்குகிற வயதில் அவரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பன் இங்கே கொண்டுவந்தார்களாம். கணவர் மன்னாரில் கொங்கிறீட் வேலை. மகள் வவுனியாவில் தையல் தொழிற்சாலையில். வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

"மொதல்ல குண்டுன்னுதான் நெனச்சேங்கய்யா" என்றார். "வாழைக்குக் கொத்திக்கிட்டு இருந்தேன். மம்பட்டி பட்டதும் டங்குன்னு சத்தம். அப்படியே மம்பட்டியப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டேன்."

எங்கள் பக்கத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டால் எவரும் அப்படித்தான் ஓடுவார்கள். விதானையார் என்று ஊரில் சொல்லும் கிராம சேவையாளருக்குச் சொல்லி, வெடிபொருள் அகற்றுகிறவர்கள் வந்து, நாடா கட்டி, அரை நாள் குனிந்து பார்த்து, இது குண்டில்லை, காசு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கட்டிய நாடாவின் ஒரு துண்டு வாழையில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

காசுகளை அவர் சாமிப்படத்துக்குக் கீழே பேசினோடு வைத்திருந்தார். உடைந்த பானை ஒன்றின் கையளவு அடிப்பாகமும் அதோடு இருந்தது.

"புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துரும். தேய்க்கவான்னு விதானையார்கிட்ட கேட்டேன். தொடாதன்னுட்டாரு."

"நல்ல காலம். தேய்ச்சா எழுத்து அழிஞ்சுபோம்."

"எழுத்தெல்லாம் இருக்குங்களா?"

"இருக்கும்."

அவர் முற்றத்தில் மாமர நிழலில் ஒரு மேசையும் கதிரையும் போட்டுத் தந்தார். நான் சின்ன மின்தராசையும் விட்டம் அளக்கிற இடுக்கிமானியையும் லென்சையும் எடுத்து வைத்தேன். வேலையைத் தொடங்கமுன் அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். காணியப் புடிச்சுருவாங்களா?"

அந்தக் கேள்விக்குக் காரணம் எனக்குத் தெரியும். பழைய பொருள் கிடைத்த இடத்தில் கல் நட்டு, வேலி போட்டு, தோட்டம் செய்யாதே என்று சொன்ன கதைகள் வன்னியில் எல்லோருக்கும் தெரியும். சரியான பதில், "எனக்குத் தெரியாது, அதை நான் தீர்மானிப்பதில்லை" என்பது.

"அப்பிடியொண்டும் நடக்காது. நான் பதியிறதுக்குத்தான் வந்தனான். பயப்பிடாதேங்கோ" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. பேச்சை முடிப்பதற்காக வாயில் வந்தது. அதே மாதிரித்தான் அடுத்ததும் நடந்தது. காசு கிடைத்த குழியைப் பார்க்கப் போனேன். வளவு முழுக்கச் செம்மண். வாழையடியில் மட்டும் சாம்பல் நிறக் களிமண். அதற்குள் குறுணி குறுணியாக நத்தைச் சிப்பி. காசுகளில் ஒட்டியிருந்ததும் அதே களி.

"இந்த மண் இங்கத்தையோ?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து ஒரு வாழைச் சருகைப் பிடுங்கினார். "இங்கத்த மண்ணுதாங்க."

இருபது வருட அனுபவம் உள்ளவன் அந்தப் பதிலை ஏற்கமாட்டான். நான் ஏற்றேன். கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தில் அவருடைய வளவின் இலக்கத்தையும் ஜி.பி.எஸ் காட்டிய எண்களையும் எழுதிவிட்டு மேசைக்கு வந்தேன். இரண்டு தவறுகளும் அரை மணித்தியாலத்துக்குள் நடந்தன.

காசு வேலை மெதுவான வேலை. தென்னை ஈர்க்கை மெல்லிதாகச் சீவி, அதன் நுனியால் களியை இளக்கி, மெல்லிய தூரிகையால் தட்டவேண்டும். கழுவக்கூடாது. பிறகு நிறை, விட்டம், தலைப்பக்கம், பின்பக்கம். பாதிக்கு மேல் ஒன்றும் தெரியாத தேய்ந்த துண்டுகள். சில, ரோமக் காசைப் பார்த்து இங்கேயே யாரோ அடித்த போலிகள். அவற்றில் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுகள் இருக்கும். முதல் நாள் முப்பத்தேழு முடித்தேன். அன்று பூநகரியில் தெரிந்த ஒருவர் வீட்டில் தங்கி அடுத்த நாள் காலை வந்தேன்.

இரண்டாம் நாள் நான் எடுத்த முதல் காசு முப்பத்தெட்டு. விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு கிராமுக்கு மேலே. களி விலகியபோது முழு உருவமும் அப்படியே இருந்தது. தலைப்பக்கம் நெற்றியில் முத்துச்சரம் கட்டிய அரசன். பின்பக்கம் ஒரு போர்வீரன் நிற்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு குதிரை முன்காலில் மடிந்து விழுந்திருக்கிறது. அதில் வந்தவன் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு கையை வீரனை நோக்கி நீட்டுகிறான். வீரன் அவனை ஈட்டியால் குத்துகிறான்.

அந்த வகை நாணயம் நான் படித்ததுதான். நாலாம் நூற்றாண்டு. எழுத்தை ஒவ்வொன்றாகப் படிவத்தில் எழுதினேன்.

அந்த அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "என்ன போட்டிருக்குங்கய்யா?"

லென்சைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார்.

"குத்துறான்."

"ஓம்."

"கீழ இருக்கறவன் கைய நீட்டுறான். வேணாம்ங்கறான்."

"அப்பிடித்தான் தெரியுது."

"சுத்தி என்ன எழுதியிருக்கு?"

"ஃபெல் தெம்ப் ரெபராத்தியோ. லத்தீன் பாசை. மகிழ்ச்சியான காலம் திரும்பி வந்திட்டுது எண்டு அர்த்தம்."

அவர் லென்சை மேசையில் வைத்தார். "யாருக்குங்கய்யா?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை, வாழைக்குப் போய்விட்டார். நான் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மனைவியைப் பற்றி நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்திருந்ததைப் பார்த்துத்தான் நேரம் போனது தெரிந்தது. வெளிச்சம் சரியாக விழும்போது தனியாகப் படமெடுக்கவேண்டும் என்று அந்தக் காசை ஒரு கடதாசித் துண்டில் மடித்தது நினைவிருக்கிறது. மடித்ததை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு எழுபத்தொரு காசும் பதிந்து முடிந்தது. கண்டெடுத்தவர் கையொப்பம் என்ற இடத்தில் அவர் தன் பெயரை அழகாக எழுதினார். கிராம சேவையாளரும் கையெழுத்து வைத்தார். நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் பெட்டியைத் திறந்து எண்ணியபோது எழுபதுதான் இருந்தது. முப்பத்தெட்டாம் இலக்கப் பை வெறுமையாக இருந்தது.

மேலதிகாரி இரண்டாம் தரமும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுதானே வடிவான காசு?"

"ஓம்."

"அவா எல்லாத்தையும் கிட்ட நிண்டு பார்த்தவாவோ?"

"பார்த்தவா. லென்சால."

"அப்ப விளங்குதுதானே. நீங்கள் அங்கால இங்கால திரும்பேக்க எடுத்து ஒளிச்சிருப்பா."

"அவா அப்பிடிச் செய்ற ஆள் மாதிரித் தெரியேல்ல."

"அப்ப எங்க போச்சு?"

பையில் நான்தான் போட்டிருக்கவேண்டும், போட்டேனா என்று எனக்கே தெரியாது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். "ஒரு நாள் பொறுங்கோ, நான் தேடிப்பார்க்கிறன்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அவர் தொலைபேசியை எடுத்தார். அவர் பேசுவது எனக்குக் கேட்டது. பொலிசுக்குச் சொன்னார். வேறு காசும் புதைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அந்த வளவில் மறு அறிவித்தல் வரை ஒருவரும் மண் கொத்தக்கூடாது என்று கிராம சேவையாளருக்கும் சொன்னார். நான் என் மேசைக்கு வந்து எழுபது பைகளுக்கும் இலக்கத் துண்டு ஒட்டத் தொடங்கினேன்.

அன்று பின்னேரமே இரண்டு பொலிஸ்காரர் அங்கே போனார்கள். கிராம சேவையாளர் பிறகு எனக்குச் சொன்னார்: அரிசி வாளியைக் கவிழ்த்தார்களாம், சாமிப்படத்தின் பின் அட்டையைக் கழற்றினார்களாம், அலுமாரிச் சீலைகளை ஒவ்வொன்றாக உதறினார்களாம். ஊர் முழுக்க வேலியில் நின்று பார்த்ததாம். அந்த அம்மா ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். "அந்த அய்யாதான் எல்லாத்தையும் எண்ணிப் பெட்டியில போட்டாரு. அவருகிட்ட கேளுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

இதைக் கேட்டபோதும் என் உள்ளே ஒன்றும் அசையவில்லை. "அப்பிடியோ" என்றேன். அந்தச் சொல்லுக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

மூன்று நாள் போனது. ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். முள்ளியவளையில் கலியாணம் செய்து இருக்கிறாள். தமக்கை செத்தபின் இரண்டு கிழமைக்கு ஒருக்கா பஸ் ஏறி வந்து, குசினியைக் கழுவி, என் உடுப்பைத் தோய்த்து, ஒரு கறி வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டாள். நான் விறாந்தையில் கதிரையில் இருந்தேன். அவள் கிணற்றடியிலிருந்து வந்தாள். ஈரக் கையில் ஒரு கடதாசி மடிப்பு.

"அத்தான், உங்கட சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது. அக்காவின்ர குளிசை போல. எறியவோ?"

கேட்டவுடன் அவளுடைய குரல் உடைந்தது. எறியவோ என்று கேட்டதற்காகவே அழத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டரை வருடமாக மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஒவ்வொரு நாளும் அவளுடைய குளிசையைக் கடதாசியில் மடித்து இடப்பக்கச் சேட்டுப் பையில் வைப்பேன். சாப்பாட்டோடு விழுங்கவேண்டிய குளிசை. பஸ்ஸில் அவள் பாணைக் கடிக்கும்போது எடுத்துக் கொடுப்பேன். கடதாசியில் சின்னதாக ஏதாவது மடித்தால் கை தன்பாட்டில் அங்கேதான் போகும். அன்று மாமரத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது.

கடதாசியை விரித்தேன். வீரன் குத்திக்கொண்டு நின்றான்.

"இது என்ன அத்தான்?"

"காசு. அலுவலகத்துக் காசு."

"ஏன் உங்களிட்ட?"

"நான் களவெடுத்திட்டன்" என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பயந்துபோய்ப் பார்த்தாள். எழும்பிப் பின்வளவுக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். ஒன்றும் வரவில்லை, கசப்பு மட்டும். அந்த ஒரு மாதத்தில் என் உடம்பு எதற்காவது பதில் சொன்னது அதுதான் முதல்தரம். துக்கத்துக்கு அல்ல. ஒரு மனிசியின் அரிசி வாளியை நான் கவிழ்க்கவைத்ததற்கு.

திங்கள் காலை காசை மேலதிகாரியின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"உங்கட நிலைமை எனக்கு விளங்குது. இதைப் பெரிசாக்கத் தேவையில்லை. பெட்டியின்ர மூலைக்குள்ள கிடந்தது எண்டு ஒரு வசனம் எழுதுங்கோ. முடிஞ்சுது."

"பெட்டி மூலைக்குள்ள கிடக்கேல்ல."

"அது தெரியும். நான் உங்களுக்காகத்தான் சொல்லுறன்."

"அப்பிடி எழுதினா, அவா எடுத்துப்போட்டுப் பிறகு எப்பிடியோ திருப்பி வச்சா எண்டு ஆரும் கதைக்கலாம்."

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நீங்கள் எழுதினா நான் விளக்கம் கேட்டுக் கடிதம் தரவேண்டி வரும். உங்கட சேவைக் கோவையில ஏறும்."

"தாங்கோ."

எழுதினேன். முப்பத்தெட்டாம் இலக்க நாணயம் பதிவு செய்தவரின் சட்டைப் பையில், அவருடைய கவனக்குறைவால், ஐந்து நாள் இருந்தது. கண்டெடுத்தவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ஒரு பிரதியைப் பொலிசுக்கு அனுப்பச் செய்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு பூநகரிக்குப் போனேன்.

அவர் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. போன தரம் கதிரை போட்டவர். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"காசு என்னட்டத்தான் இருந்தது. என்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள. நான்தான் வச்சு மறந்திட்டன். உங்களைச் சோதிச்சதுக்குக் காரணம் நான். பிழை முழுக்க என்ர."

கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மடித்து மடியில் வைத்தார். கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தார்.

"அன்னைக்கு ஊரே பார்த்துச்சுங்கய்யா."

"கேள்விப்பட்டன்."

"இங்க யார் வீட்டுல என்ன காணாப் போனாலும் எங்க ஆளுங்களத்தான் மொதல்ல பார்ப்பாங்க. அது எனக்குப் பழகிப்போச்சு. ஆனா நீங்க காணி போகாதுன்னீங்க. இப்ப எங்காணியில நானே கொத்தக்கூடாதுங்கறாங்க. வாழை ரெண்டு காஞ்சுபோச்சு."

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. எனக்குத் தெரியாமச் சொன்னனான்."

அவர் நிமிர்ந்து முதல்தரமாக என் முகத்தைப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லலைங்கய்யா" என்றார். "அந்த மண்ணு எங்க மண்ணு இல்ல."

நாலு வருடத்துக்கு முன் செம்மண்ணில் வாழை பிடிக்கவில்லையாம். கடல்நீர்க் களப்புப் பக்கம் தூர்ந்துபோன ஒரு பழைய குளம் இருக்கிறது. அங்கத்தை வண்டல் நல்ல பசளை என்று சொல்லி, ஒரு உழவு இயந்திரக்காரரைப் பிடித்து மூன்று இழுவைப்பெட்டி மண் ஏற்றிவந்து வாழையடியில் போட்டிருக்கிறார்கள். அனுமதி எடுக்கவில்லை. அனுமதி இல்லாமல் மண் ஏற்றினால் பிடிப்பார்கள் என்ற பயத்தில்தான் அன்று இங்கத்தை மண் என்று சொல்லியிருக்கிறார்.

"இடத்தைக் காட்டுவீங்களோ?"

"காட்டுறேன். ஆனா மண்ணு அள்ளுனதுக்குப் புடிப்பாங்களா?"

இந்தத் தரம் யோசித்தேன். "எனக்குத் தெரியாது. உழவு இயந்திரம் ஆரின்ர எண்டு நான் கேக்கமாட்டன், எழுதமாட்டன். ஆனா மண் அங்கயிருந்து வந்தது எண்டு எழுதுவன். அதுக்கு ஏதாவது வந்தா, அது வாழைக்குப் போட்ட வண்டல்தான் எண்டு நானே வந்து சொல்லுவன். அதுக்கு மேல என்னால ஒண்டும் சொல்லேலாது."

அவர் கீரையைச் சுளகோடு உள்ளே வைத்துவிட்டு வந்து சைக்கிளை எடுத்தார். அவர் முன்னால் சைக்கிளில் போக, நான் மோட்டார்சைக்கிளை முதலாம் கியரில் உருட்டியபடி பின்னால் போனேன். இயந்திரம் சூடேறி இரண்டு தரம் நின்றது. இரண்டு தரமும் அவர் காலை ஊன்றிக் காத்து நின்றார். சிவந்த மண் முடிந்து வெளிறிய மண் வந்தது. பிறகு பனை, பிறகு வெட்டைவெளி. தூரத்தில் களப்பின் தண்ணீர் தகரம் மாதிரிக் கிடந்தது.

குளத்தின் கரை ஒரு பக்கம் வெட்டப்பட்டு ஆளுயரச் சுவராக நின்றது. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். சாம்பல் களி. நத்தைச் சிப்பி. அதற்குள் அடுக்கடுக்காகப் பானை ஓடுகள்: உட்புறம் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. பழங்காலத்தில் ஆட்கள் இருந்து சமைத்துச் சாப்பிட்ட இடம். நான் மண்டியிட்டு ஈர்க்கால் சுரண்டினேன். இடுப்பளவு ஆழத்தில், உடைந்த பானையின் மற்றப் பக்கம் களிக்குள் பதிந்திருந்தது. அதன் உட்புறத்தில் ஒரு காசு ஒட்டிக்கிடந்தது.

"இன்னும் இருக்குங்களா?" அவர் மேலே கரையில் நின்று கேட்டார்.

"ஒண்டு இருக்கு."

"எண்ணிக்குங்க. நான் இங்கதான் நிக்கிறேன், கிட்ட வரலை."

அவர் பகிடியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் படமெடுத்து, ஆழம் அளந்து, எழுபத்திரண்டு என்று எழுதினேன். பிறகு பழைய படிவத்தில் கண்டெடுத்த இடம் என்ற கட்டத்தைக் குறுக்கே வெட்டி, புதிய இடத்தை எழுதி, திருத்தத்துக்குக் காரணம் எழுதி, கீழே கையெழுத்து வைத்தேன்.

ஒன்றரை மாதத்தில் அவருடைய வளவுக்குப் போட்ட தடையை எடுத்தார்கள். மண் ஏற்றியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குளக்கரையில் ஒரு அறிவித்தல் பலகை வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, என் சேவைக் கோவையில் இருக்கிறது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதற்காகவா என்று நான் கேட்கவில்லை.

வருடக் கடைசியில் அந்த அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். மகள் லீவில் வந்திருந்தாள். தான் எடுத்த காசை மகளுக்குக் காட்டவேண்டும் என்றார்.

"அனுப்பியாச்சம்மா. எல்லாம் கொழும்புக்குப் போட்டுது" என்றேன்.

"திரும்பி வருமா?"

"வரவேணும். எப்ப எண்டு தெரியாது."

கணினியில் படங்களைக் காட்டினேன். மகள் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்டெடுத்தவர் என்ற கட்டத்தில் தாயின் பெயரைக் கண்டதும் தன் தொலைபேசியில் அதைப் படமெடுத்தாள். தாய் காசைவிட அந்தப் பெயரைத்தான் அதிக நேரம் பார்த்தார். எழுத்துப் பிழை இல்லாமல் போட்டிருக்கிறீர்கள் என்றார்.

பின்னேரப் பஸ்ஸுக்கு அவர்களை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பூநகரிப் பஸ் வழமைபோலப் பிந்தியது. மகள் சோடா வாங்கப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் வாங்கில் இருந்தோம்.

"வீட்டுல அம்மா சொகமாங்க?" என்று என் மனைவியைப் பற்றிக் கேட்டார்.

கிட்டத்தட்ட ஒரு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் "இல்லை" என்றோ, "மோசம் போயிட்டா" என்றோ, "கடவுளிட்டப் போயிட்டா" என்றோ, மற்றவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவந்திருக்கிறேன்.

"செத்துப்போனா" என்றேன்.

"எப்பங்கய்யா?"

"உங்கட வீட்டுக்கு நான் முதல் வாறதுக்கு முப்பத்தாறு நாளுக்கு முந்தி."

மகள் சோடாப் போத்தல் மூன்றோடு வந்தாள். ஒன்றை எனக்கு நீட்டினாள். குடித்தேன். இனிப்பாக இருந்தது, குளிர் போதாது. பஸ் வந்ததும் சனம் முண்டியடித்து ஏறியது. அவர்களுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய கை தெரிந்தது. பஸ் வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, அலுவலகம் பூட்டும் நேரம் ஆனபடியால் அங்கே திரும்பி நடந்தேன்.